நடத்தை விதிகளை எழுதும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரேபேங்க், டொங்காட் பகுதிப் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம்.

நான் டர்பனில் வசிக்கிறேன். வார இறுதியில் கோயில் பாடசாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். அவனுக்கு ஏடிஎச்டி இருக்கிறது, அதாவது கவனத்தையும் துறுதுறுப்பையும் கட்டுப்படுத்தச் சிரமப்படும் நிலை. உங்களில் பலரைக் காவடியிலும் ஆடிக் கஞ்சியிலும் பார்த்துப் பேசிப் பழகியிருக்கிறேன், அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள், தெரியாத உறுப்பினர்களுக்கு இதை வாசித்துச் சொல்லுங்கள்.

கல்வித் துறைக்கு எழுத வேண்டியதை எங்களுக்கு எதற்கு எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் மாணவர்களுக்கான நடத்தை விதிகளை ஏற்படுத்துவது பிரின்சிபல் இல்லை, துறையும் இல்லை. நிர்வாகக் குழுதான். அந்தக் குழுவில் வாக்குரிமை உள்ள மற்ற எல்லாரையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையைவிடப் பெற்றோரின் எண்ணிக்கை ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளையை 7 பள்ளி நாள்வரை இடைநிறுத்தும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. விசாரணை நடத்தி, பள்ளியைவிட்டு நீக்கும்படி மாகாணத் துறைத் தலைவருக்குப் பரிந்துரைக்கும் அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது. என் மகனைப் போன்ற ஒரு பிள்ளையின் பள்ளி வாழ்க்கையை எது நடத்துகிறதோ, அந்தத் தாளை எழுதுகிறவர்கள் நீங்கள்தான்.

அந்தத் தாளைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பையனைப் பார்த்த டாக்டர் இரண்டு கேள்வித்தாள் கொடுத்தார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வகுப்பு டீச்சருக்கு. பொருள்களை அடிக்கடி தொலைக்கிறானா? அன்றாடம் செய்ய வேண்டியதை மறக்கிறானா? கேள்வி முடியுமுன்பே பதில் சொல்கிறானா? தன் முறை வரும்வரை காத்திருக்கச் சிரமப்படுகிறானா? உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில் எழுந்து போகிறானா? தொடங்கிய வேலையை முடிக்காமல் விடுகிறானா? மருத்துவர்கள் பயன்படுத்தும் வரையறையில் கவனம் சம்பந்தமாக 9 அறிகுறிகள், துறுதுறுப்பும் அவசரமும் சம்பந்தமாக 9 அறிகுறிகள் உண்டு. பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு பகுதியில் குறைந்தது 6 இருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். யாரோ ஒரு டாக்டர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒட்டுகிற பெயர் இல்லை இது.

அதே வாரத்தில் அவனுடைய டீமெரிட் தாளும், அதாவது ஒவ்வொரு தப்புக்கும் பள்ளி புள்ளி போடும் தாளும், வீட்டுக்கு வந்தது. கணக்குப் புத்தகம் கொண்டுவரவில்லை. டை இல்லை. கை தூக்காமல் பேசினான். வரிசையில் தள்ளினான். இடத்தைவிட்டு எழுந்தான். வகுப்பு வேலையை முடிக்கவில்லை. ஹோம்வொர்க் டைரியில் பெற்றோர் கையெழுத்து இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே புள்ளிகள், கீழே மொத்தம், அதற்குக் கீழே சிவப்பு மையில் 'டிடென்ஷன்', பள்ளி விட்டபின் உட்கார வைக்கும் தண்டனை.

டாக்டரின் கேள்வித்தாளையும் இந்த டீமெரிட் தாளையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஒரே வரிகள். டாக்டரிடம் அறிகுறியாக இருந்தது, பள்ளியில் குற்றமாக இருந்தது.

ஆஸ்துமா இருக்கிற பிள்ளை இருமினால் நாம் டீமெரிட் போடுவதில்லை. இதற்கு மட்டும் போடுகிறோம், ஏனென்றால் இது பார்க்கிறவர் கண்ணுக்கு அடங்காத்தனமாகத் தெரிகிறது. பையன் நன்றாகத்தானே பேசுகிறான், புத்திசாலியாகத்தானே இருக்கிறான், வேண்டுமென்றே செய்கிறான் என்று தோன்றிவிடுகிறது. அதிலும் இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "காவடிக்கு உறுமி அடிக்கும்போது மணிக்கணக்காக நிற்கிறானே, அப்போது மட்டும் கவனம் எங்கிருந்து வருகிறது?" என்னிடம் இதைக் கேட்காதவர் குறைவு. பதில் இதுதான்: இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும், வேண்டாத இடத்திலிருந்து எடுப்பதும்தான் அவர்களுக்குக் கைவராதது. உறுமியில் ஒவ்வொரு அடிக்கும் உடனே சத்தம் திரும்பி வருகிறது. உடம்பு அசையலாம். சுற்றிப் பத்துப் பேர் அதே தாளத்தில் இருக்கிறார்கள். கரும்பலகையைப் பார்த்து ஒரு பத்தி எழுதுவதில் இதெல்லாம் எங்கே இருக்கிறது? அவன் எழுதுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரண்டு சொல் எழுதுவான். நிமிர்ந்து பார்ப்பான். விட்ட இடம் தெரியாது, முதலிலிருந்து தேடுவான். கண்டுபிடிப்பதற்குள் டீச்சர் அடுத்த பத்திக்குப் போயிருப்பார். அவனுடைய கணக்கு நோட்டில் முதல் மூன்று கணக்கும் சரியாக இருக்கும். நான்காவதற்கு எண் மட்டும் போட்டு, வட்டம் போட்டு, அப்படியே நிற்கும்.

மூளை வளர்ச்சியில் இதற்கு அடையாளம் உண்டு. 2007இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மூளையின் மேலடுக்கு எந்த வயதில் உச்சத் தடிமனை அடைகிறது என்று படமெடுத்துப் பார்த்தார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது ஏழரை வயதளவில் நடக்க, ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்குப் பத்தரை வயதளவில் நடந்தது. வளரும் ஒழுங்கு அதேதான், காலம்தான் பின்னால் இருக்கிறது. கட்டுப்பாடு, திட்டமிடல் ஆகியவற்றைக் கவனிக்கும் முன்பகுதியில்தான் இந்தத் தாமதம் அதிகம். நான்காம் வகுப்பில் பாடங்கள் கூடுகின்றன, பிள்ளை தானே பையை அடுக்க வேண்டும், தானே டைரி எழுத வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள்.

பரம்பரையின் பங்கும் இதில் மிகப் பெரியது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் அதை 70 விழுக்காட்டுக்கு மேல் என்று கணக்கிடுகின்றன. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பழி எப்போதும் ஒரே இடத்தில்தான் போய் விழுகிறது. அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள், அம்மா வேலைக்குப் போகிறாள், அம்மாவுக்கு அடக்கத் தெரியவில்லை. ஆயாவும் தாத்தாவும் பாசத்தோடுதான் சொல்கிறார்கள், "எங்க காலத்துல இதெல்லாம் ஏது, ரெண்டு போட்டா சரியாப் போயிடும்" என்று. அவர்கள் காலத்திலும் இந்தப் பிள்ளைகள் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடும் ஆறாம் வகுப்போடும் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்களில் எத்தனை பேர் இப்படிப்பட்டவர்கள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அடிப்பதைப் பள்ளியில் 1996ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்துவிட்டது, அது நமக்கெல்லாம் தெரியும். அடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புள்ளிகளை வைத்திருக்கிறோம். நோக்கம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் அது வேலை செய்யாது. ஏன் என்று சொல்கிறேன்.

திங்கட்கிழமை செய்த தப்புக்கு வெள்ளிக்கிழமை டிடென்ஷன். தவணை முழுக்கச் சேர்ந்த புள்ளிகளுக்குத் தவணை முடிவில் சுற்றுலா கிடையாது. தள்ளிப்போகும் தண்டனையும் தள்ளிப்போகும் பரிசும் ஏடிஎச்டி உள்ள பிள்ளையின் நடத்தையை அநேகமாகத் தொடுவதே இல்லை. அவர்களுக்கு விளைவு உடனே தெரிய வேண்டும், அடிக்கடி தெரிய வேண்டும். அதோடு, புள்ளிகள் சேரச் சேர, எட்டாம் வாரத்தில் எப்படி நடந்தாலும் சுற்றுலா இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அப்புறம் அவன் எதற்காக முயல வேண்டும்? இன்னும் கொடுமை, இடைவேளையைப் பிடுங்குவது. காலை முழுக்க உட்கார்ந்து உடம்பை அடக்கிய பிள்ளைக்கு ஓடுவதற்கு இருக்கிற ஒரே நேரம் அது. அதையும் வகுப்பிலேயே உட்கார வைத்துக் கழித்துவிட்டால், அடுத்த பாடத்தில் அவன் எழுந்து நடக்கத்தான் செய்வான். அதற்கு இன்னொரு டீமெரிட்.

எது வேலை செய்கிறது என்பதும் தெரிந்த விஷயம்தான், புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி, டீச்சர் மேசைக்குப் பக்கத்தில் ஓர் இடம். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை. பத்துக் கணக்கை ஐந்து ஐந்தாக இரண்டு தாளில் கொடுப்பது. பலகையிலிருந்து பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சடித்த தாள். நோட்டுகளை ஆபீசுக்குக் கொண்டுபோகும் வேலையை அவனுக்கே கொடுத்து நடக்கவிடுவது. நன்றாகச் செய்த அந்த நிமிடமே ஒரு வார்த்தை. அப்புறம், எனக்கு நேரில் பலன் தெரிந்த ஒன்று: தினசரி அட்டை. 'இன்று கணக்குப் புத்தகம் இருந்தது', 'கை தூக்கிப் பேசினேன்', 'தொடங்கியதை முடித்தேன்' என்று மூன்றே வரி. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் டீச்சர் ஒரு டிக் போடுவார். வீட்டில் அன்று மாலையே அதற்குப் பலன், அரை மணி நேரம் கூடுதலாகக் கிரிக்கெட். உலக அளவில் ஏடிஎச்டிக்கான நடத்தைப் பயிற்சிகளில் நல்ல ஆதாரம் உள்ள ஒன்று இது. என் மகனின் டீச்சர் இதைத் தானாக முன்வந்து செய்தார். நாற்பது பேரை வைத்துக்கொண்டு ஒரு பையனுக்கு அட்டை போடுவது எளிதல்ல என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு என் நன்றியைச் சொல்லி முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு வேறு டீச்சர். அந்த நல்ல மனசு கோப்பில் ஏறவில்லை என்றால், ஜனவரியில் மறுபடி முதலிலிருந்துதான்.

அந்தக் கோப்பு நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. உங்களில் பலருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. 2001இல் அரசு வெள்ளை அறிக்கை 6 என்ற ஆவணத்தை வெளியிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்து நடத்தும் கல்வியை 20 ஆண்டில் கொண்டுவருவதாக வாக்களித்தது. அந்த 20 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது. 2014 டிசம்பரில் வந்த எஸ்ஐஏஎஸ் கொள்கை, அதாவது பிள்ளையின் தேவையை இனங்கண்டு, மதிப்பிட்டு, உதவுவதற்கான தேசியக் கொள்கை, அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறது. முதலில் எஸ்என்ஏ 1 என்ற படிவம். பெற்றோரோடு பேசி, வகுப்பு டீச்சர் நிரப்புவது. பிள்ளைக்கு எது வருகிறது, எது தடையாக இருக்கிறது, என்ன செய்து பார்த்தோம் என்று எழுத வேண்டும். அது போதவில்லை என்றால் எஸ்என்ஏ 2. பள்ளியின் உதவிக் குழு உட்கார்ந்து, அந்தப் பிள்ளைக்கென்று ஒரு திட்டம் எழுத வேண்டும். அதுவும் போதாதபோது எஸ்என்ஏ 3 வழியாக மாவட்ட உதவிக் குழு வருகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, எஸ்என்ஏ 1 தொடங்க டாக்டர் கடிதம் தேவையில்லை. பிள்ளைக்குச் சிரமம் இருக்கிறது என்று டீச்சருக்குத் தெரிந்தால் போதும். ஆனால் என்னிடம் சொல்லப்பட்டது வேறு. முதலில் தனியாரிடம் சோதனை செய்து அறிக்கை கொண்டுவாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். தனியார் கல்வி உளவியலாளரிடம் அந்தச் சோதனைக்குப் பல ஆயிரம் ராண்ட் ஆகும். எங்களால் எப்படியோ சமாளிக்க முடிந்தது. என் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகளின் வீடுகளில் பாதிப் பேருக்கு முடியாது. அரசு மருத்துவமனையில் காத்திருக்கும் வரிசையோ நீளம். அறிக்கை வரும்வரை அந்தப் பிள்ளைக்குக் கிடைப்பதெல்லாம் டீமெரிட் மட்டும்தான். தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை, வாசித்துச் சொல்ல ஒருவர் போன்ற சலுகைகளும் இந்தக் கோப்பைப் பொறுத்தவைதான். மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு, வரும்போது இத்தனை ஆண்டாக இந்தச் சிரமம் இருந்தது என்று காட்டக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். டீமெரிட் புத்தகத்தை வைத்து அதைக் காட்ட முடியாது.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சுற்றிவளைத்துப் பேசியதாகிவிடும். என் மகன் மருந்து எடுத்துக்கொள்கிறான். மெத்தில்ஃபெனிடேட், நம் ஊரில் ரிட்டாலின் என்று எல்லாரும் சொல்வது. அதனால் அவனுக்கு நன்மைதான். ஆனால் உடனடி மாத்திரையின் வேலை நாலு மணி நேரம் அளவில் முடிந்துவிடும். காலையில் கொடுத்தது மதியத்துக்கு முன்பே இறங்கிவிடுகிறது. பசியைக் கொல்லும். பீன்ஸ் கறியும் ரொட்டியும் வைத்த டப்பா, மூடி திறந்த அடையாளமே இல்லாமல் வீட்டுக்கு வரும். எடையையும் உயரத்தையும் ரத்த அழுத்தத்தையும் டாக்டர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இது ஷெட்யூல் 6 மருந்து என்பதால் ஒரே சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்க முடியாது, மாதாமாதம் புதுச் சீட்டு வேண்டும். ஒரு மாதம் டாக்டரைப் பார்க்க முடியாமல் போனால், பார்மசியில் ஸ்டாக் இல்லாமல் போனால், அந்த வாரம் அவன் மருந்து இல்லாமல்தான் பள்ளிக்கு வருவான். அன்றைக்கும் அவன் உங்கள் மாணவன்தான். மாத்திரை கொடுத்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேண்டாம் என்று ஒரு தாயிடம் கேட்டில் நின்று சொல்லும் உரிமை எந்தப் பள்ளிக்கும் கிடையாது. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பது பெற்றோரும் டாக்டரும் சேர்ந்து எடுக்கும் முடிவு. மருந்து கவனத்துக்கு உதவும். பை அடுக்கக் கற்றுக்கொடுக்காது, பின்தங்கிய இரண்டு ஆண்டுப் பாடத்தைத் திருப்பித் தராது.

பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்கள் பெரும்பாலும் ஓடுவதில்லை, தள்ளுவதில்லை. கடைசி வரிசையில் சும்மா உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். டீமெரிட் தாளில் அவர்கள் பெயரே வராது, அதனால் யாரும் அவர்களைத் தேடுவதும் இல்லை. என் பாடசாலையில் அப்படி ஒரு சிறுமி இருக்கிறாள். அவள் டீச்சர் எழுதியது, 'அமைதியான பிள்ளை, இன்னும் முயல வேண்டும்'. அவள் முயல்வதை நான் பார்க்கிறேன். உலக ஆய்வுகளின் கணக்குப்படி நூறு பிள்ளைகளில் ஐந்து பேர் அளவில் ஏடிஎச்டி உள்ளவர்கள். நாற்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். ஒவ்வொரு வகுப்பிலும்.

நீங்கள் செய்ய வேண்டும் என்று நான் கேட்பது இதுதான். நடத்தை விதிகளில் ஒரு வரி சேருங்கள்: மறதி, பொருள் தொலைத்தல், வேலை முடிக்காமை, இடத்தைவிட்டு எழுதல் ஆகியவற்றுக்காக ஒரு பிள்ளைக்குத் திரும்பத் திரும்பப் புள்ளி விழுந்தால், மூன்றாவது முறை டிடென்ஷனுக்குப் பதில் எஸ்என்ஏ 1 தொடங்க வேண்டும் என்று. இடைவேளையைத் தண்டனையாக எடுக்கக் கூடாது என்று இன்னொரு வரி. ஒரு பிள்ளை விசாரணைக்கு வரும்போது, முதல் கேள்வியாக அவனுடைய உதவிக் கோப்பைக் கேளுங்கள். கோப்பு இல்லையென்றால் விசாரணையைத் தள்ளிவையுங்கள். அடுத்தவரை அடித்தால், காயப்படுத்தினால் அதைச் சும்மா விடச் சொல்லவில்லை. அடிபட்ட பிள்ளைக்கும் ஒரு தாய் இருக்கிறாள். ஆனால் ஏடிஎச்டி உள்ள பிள்ளை கைநீட்டினான் என்றால், அதற்கு முன்பு என்னென்ன நடந்தது, யார் யார் அவனைக் கிண்டல் செய்தார்கள், எத்தனை மாதமாக உதவி கேட்டு யாரும் செய்யாமல் விட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். விசாரணையில் பிள்ளையோடு பெற்றோரோ அவர்கள் குறிப்பிடும் ஒருவரோ இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த உரிமையைப் பெற்றோருக்கு எழுத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். வேறு பள்ளி பாருங்களேன் என்று பிரின்சிபல் அறையில் மெதுவாகச் சொல்லி அனுப்புவதை உங்கள் குழு ஒருபோதும் ஒத்துக்கொள்ளக் கூடாது. எந்தக் கடிதமும் இல்லாமல், எந்த விசாரணையும் இல்லாமல் நம் பிள்ளைகள் இப்படித்தான் பள்ளிகளிலிருந்து காணாமல் போகிறார்கள்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். நான் மேலே சொன்னதில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் தேவையில்லை. ஆசிரியர்களுக்கு ஒரு சனிக்கிழமைப் பயிற்சி, அச்சடிக்கத் தாள், உதவிக் குழு கூட ஒரு மணி நேரம். நம் முன்னோர் 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்கள். அரசு இந்தியப் பிள்ளைகளுக்குப் போதிய பள்ளி கட்டாதபோது தங்கள் காசைச் சேர்த்து, கோயில் இடத்திலும் கொட்டகையிலும் தொடங்கி, அரசு உதவிபெறும் பள்ளிகளாக வளர்த்தவர்கள். உங்களில் சிலரின் தாத்தாக்கள் அந்தக் கட்டடக் குழுக்களில் இருந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பள்ளிகளின் வாசலில் இன்று நிற்கும் பிள்ளையும் நம் பிள்ளைதான்.

அடுத்த தவணையின் முதல் கூட்டத்து நிகழ்ச்சிநிரலில் 'நடத்தை விதிகள் திருத்தம்' என்று ஒரு பொருளைச் சேருங்கள். விதிகளை மாற்றுவதற்கு முன் பெற்றோரையும் ஆசிரியர்களையும் மாணவர்களையும் கலந்துபேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கூட்டத்துக்கு ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தானாக வரமாட்டார்கள். அவர்கள் பள்ளிக்கு வந்தாலே திட்டு வாங்கித்தான் பழக்கம். எஸ்என்ஏ படிவங்களை எப்படி நிரப்புவது என்று சொல்லித்தர நான் எந்தப் பள்ளிக்கும் வருகிறேன். வார நாளில் மாலை ஐந்து மணிக்கு மேல் என்றால் எனக்குச் சரி, வெள்ளிக்கிழமை மட்டும் பூசை இருக்கிறது.

அன்புடன்,
நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா
டர்பன்